சிவப்புக் கோட்டுக்கு வலப்புறம்

எந்தப் புகைப்படத்தைக் கையில் கொடுத்தாலும் பெரியம்மா முதலில் அதன் ஓரத்தைத்தான் பார்ப்பார். நடுவில் மணமக்கள் இருக்கலாம், பிறந்த குழந்தை இருக்கலாம். அவர் கண் நாலு விளிம்பையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரும். "இந்தப் பக்கம் அரை அங்குலம் சும்மா கிடக்கு" என்பார். அதற்கப்புறம்தான் குழந்தை யார் ஜாடை என்ற பேச்சு.

எங்கள் ஊர் வாரப் பத்திரிகையில் முப்பத்தோரு வருடம் பக்கம் கட்டியவர் அவர். அச்சுக்கோத்து வந்த செய்திகளைக் கத்தரித்து, பசை தடவி, பெரிய தாளில் கோணாமல் ஒட்டுவார். மிச்சமிருக்கும் ஓட்டையில் படம் உட்கார வேண்டும். படம் எப்போதும் ஓட்டையைவிட அகலமாகத்தான் வரும். எங்கே வெட்டுவது என்று சிவப்பு மெழுகுப் பென்சிலால் படத்தின் மேலேயே ஒரு கோடு இழுத்து அச்சுக்கு அனுப்புவார். படத்தை நிஜமாக வெட்டுவதில்லை, கோடுதான். கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவர் வெள்ளிக்கிழமை காலை ஊர் முழுக்கப் போவார். அந்தப் பக்கம் நிற்பவர் பழுப்பு உறைக்குள் போவார். அலுவலகத்தில் அவருக்குக் கத்தரி அக்கா என்று பட்டம். வைத்தவர்கள் கொஞ்சம் பயந்துதான் வைத்திருக்க வேண்டும்.

அவர் என் அப்பாவின் அண்ணன் மனைவி. அம்மாவுக்கு ஓரகத்தி. கீழ்த்தளத்தில் அவர், மேலே நாங்கள், நடுவில் பன்னிரண்டு படிகள். எங்கள் சமையலறை டப்பாக்களின் மூடிகளில் உப்பு, சர்க்கரை, தேயிலை, பொட்டுக்கடலை என்று ஒட்டியிருக்கும் சீட்டுகள்கூட அவர் எழுதியவைதான். 'ட்' எழுதினால் அதன் வால் கீழ்வரி வரை இறங்கும். அந்தக் கையெழுத்தைப் பார்க்காமல் அம்மா ஒரு நாளும் தேநீர் போட்டதில்லை.

ஊர் நூலகத்தின் வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பத்திரிகைத் துண்டு மாட்டியிருந்தது. முப்பத்தாறு வருடங்களுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இதழ். 'நூலகத்துக்கு முதல் மண் வெட்டும் விழா' என்று தலைப்பு. வெறும் பொட்டலில் ஆறு பேர் வரிசையாக நிற்கிறார்கள், ஆளுக்கொரு மண்வெட்டியோடு. கைப்பிடிகளில் ரிப்பன் கட்டியிருக்கிறது. வலது ஓரத்தில் ஏழாவதாக ஒரு மண்வெட்டி மண்ணைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதன் கைப்பிடியை ஒரு கை பிடித்திருக்கும். மணிக்கட்டில் சின்னக் கைக்கடிகாரம். அத்தோடு படம் முடிந்துவிடும். ஆள் கிடையாது.

அந்தக் கை என் அம்மாவுடையது.

நூலகக் குழுவின் செயலாளர் அம்மாதான். நானூறு வீட்டுக் கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்கியவள். படம் வெளியானதும் தெருவில் அவளுக்குக் 'கை அக்கா' என்று பேராகிவிட்டது. "கை அக்கா, மீதி எங்க?" என்று கேட்பார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டே, "மீதி வீட்டுல சமைச்சுட்டு இருக்கு" என்பாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபிறகு சிரிக்க மாட்டாள். அவளுடைய கோபமெல்லாம் படம் எடுத்த ஸ்டூடியோக்காரர் மீது. "கண்ணு தெரியாதவன் கையில காமிராவக் குடுத்தா இப்படித்தான்" என்பாள். பள்ளிக்கூடத்துக்கு எனக்குப் படம் எடுக்க வேண்டுமென்றால், தெருமுனையில் இருந்த அவர் கடையைத் தாண்டி, இரண்டு கிலோமீட்டர் நடத்திக் கூட்டிப்போவாள். அவர் இறந்தபோது வீட்டில் எல்லோரும் போனார்கள். அம்மா மட்டும் தலைவலி என்று சொல்லிவிட்டாள்.

ஸ்டூடியோக்காரரை அம்மா திட்டத் தொடங்கினால் பெரியம்மா எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுவார். நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இடது ஓரத்தில் நிற்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டையான மனிதர், தோளில் துண்டு, காமிராவைப் பார்த்து முகம் கொள்ளாத சிரிப்பு. அவர் மண் லாரி ஓட்டிவந்தவர். பள்ளமான இடத்தை நிரப்ப அன்று ஒரு லோடு மண் வந்திருந்தது. அதை எங்கே கொட்டுவது என்று கேட்க இறங்கி வந்தார். வந்த நேரத்தில் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். மிச்சமிருந்த ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவரும் நின்றார். பத்திரிகையில் அவர் பெயரும் வந்தது, மேலே 'நூலகக் குழுவினர்' என்று போட்டிருந்தது. அச்சில் வந்துவிட்டதை யார் மறுப்பது? அடுத்த ஆண்டு விழாவுக்கு அவருக்கும் அழைப்பு போனது. வந்தார், மேடையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒரு விழாவையும் அவர் விட்டதில்லை. நூலகத்தில் ஒரு புத்தகத்தையும் திறந்ததில்லை.

ஆனால் இது எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு அலமாரி இருந்தது. அது பெரியம்மாவுடையது.

பத்திரிகை அலுவலகத்துக்குப் பல ஊர்களிலிருந்து பத்திரிகைகளும், மதிப்புரைக்கென்று புத்தகங்களும் வரும். படித்து முடித்தவற்றை ஆசிரியர் மூலையில் எறிந்துவிடுவார். பெரியம்மா அவற்றைப் பையில் அடுக்கி எடுத்துவந்து, வீட்டு முன்னறையில் ஒரு மர அலமாரியில் வைத்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவைத் திறந்து வைப்பார். தையற்காரர், மருந்துக்கடைக்காரர், பக்கத்து வீட்டு மாமி, பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் என்று பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். செருப்பை வரிசையாக விட வேண்டும். பக்கத்தின் மூலையை மடிக்கக் கூடாது. மடித்தால் மறுநாள் உள்ளே விட மாட்டார். ஆறு வருடம் இப்படி நடந்தது.

அப்போதுதான் அம்மா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். பெரியம்மாவுக்கு வயது முப்பது தாண்டியிருந்தது, அம்மாவுக்கு இருபத்து மூன்று. அம்மாவுக்கு யாரோடும் ஐந்து நிமிடத்தில் ஒட்டிக்கொள்ளும் சுபாவம். இரண்டு மாதத்தில் செருப்பு வரிசை கலைந்தது. ஆறு மாதத்தில் வருகிறவர்கள் ஐம்பது பேர் ஆனார்கள். "முன்னறை பத்தல. ஊருக்கே ஒரு நூலகம் கேட்டா என்ன?" என்று அம்மா ஒரு நாள் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். பெரியம்மா அலமாரியை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். அவரைத் திரும்பிப் பார்த்தவர் யாருமில்லை.

குழு அமைந்தது. ஓய்வுபெற்ற தபால் அதிகாரி ஒருவர் தலைவர். கூட்டம் எல்லாம் வியாழக்கிழமை சாயங்காலம். பத்திரிகை வெள்ளிக்கிழமை வரும், பக்கம் கட்டுவது வியாழக்கிழமை. அன்றைக்குப் பெரியம்மா வீடு திரும்ப இருட்டிவிடும். வந்து பார்த்தால் அவருடைய முன்னறையில் காலித் தேநீர்க் கோப்பைகள் இருபது கிடக்கும். தீர்மானங்கள் எழுதிய தாள் அவருடைய அலமாரியின் மேலேயே இருக்கும். அதில் ஓரிரு எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டுப் படுக்கப்போவார். அவ்வளவுதான் குழுவில் அவர் பங்கு.

முதல் மண் வெட்டும் விழாவும் வியாழக்கிழமைதான். பகல் பன்னிரண்டு மணி.

மூன்றரைக்கு அந்தப் படம், ஈரம் முழுதும் காயாமல், பெரியம்மாவின் மேசைக்கு வந்தது. ஏழு பேர். முதல் பக்கத்தில் மூன்று பத்தி அகலம்தான் மிச்சமிருந்தது. "ஆறு பேருக்கு மேல நிக்காது. ஒரு ஓரத்துல தட்டிவிடு" என்று ஆசிரியர் சொல்லிவிட்டுப் போனார். ஸ்டூடியோக்காரர் பின்செய்திருந்த சீட்டில் ஏழு பெயர்களும் இடமிருந்து வலமாக இருந்தன. முதல் பெயருக்குப் பக்கத்தில் 'லாரி' என்று குறித்திருந்தார்.

பெரியம்மா பென்சிலை எடுத்து வலது ஓரத்தில் கோடு போட்டார்.

இதெல்லாம் சென்ற மாதம்வரை எனக்குத் தெரியாது. நூலகத்துக்குப் புதிதாக ஒரு கூடம் கட்டியிருக்கிறார்கள். பத்திரிகை அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறியபோது, பழைய பட உறைகளை எல்லாம் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கூடத்துச் சுவரில் மாட்டப் பன்னிரண்டு படங்களை நூலகர் தேர்ந்தெடுத்தார். எனக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டும் எழுத வரும் என்பதால் படவிளக்கம் எழுதச் சொல்லி உறைகளை என்னிடம் கொடுத்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். படியேறும்போது பெரியம்மா பார்த்தார்.

பத்து நிமிடத்தில் மேலே வந்துவிட்டார். முட்டிவலிக்காரர், காரணமில்லாமல் படியேற மாட்டார். கையில் பஞ்சும் ஒரு சின்ன மண்ணெண்ணெய்ப் புட்டியும் இருந்தன.

"பழைய படம்லாம் பூஞ்சை பிடிச்சிருக்கும். குடு, துடைச்சுத் தரேன்."

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு பெரியம்மா."

"உனக்கு என்ன தெரியும். முதல் மண் வெட்டின படம் எது, அதக் குடு முதல்ல."

கொடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். உடனே துடைக்கவில்லை. இந்த முறை அவர் பார்வை விளிம்பைச் சுற்றவில்லை, ஒரே இடத்தில் நின்றது. பிறகு பஞ்சை நனைத்து, படத்தின் கீழ்முனையிலிருந்து மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தார். பஞ்சு சிவந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா மொட்டைமாடியிலிருந்து காய்ந்த துணிகளோடு இறங்கி வந்தாள்.

"என்ன, வீடு பூரா மண்ணெண்ணெய் நாத்தம்?" என்றவள் பெரியம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். துணிகளை நாற்காலியில் போட்டாள். "அக்கா, இது அந்தப் படமா? நான் இருக்கேனே. முழுசா இருக்கேன்."

இருந்தாள். இருபத்தைந்து வயது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மற்ற ஆறு பேரும் காமிராவைப் பார்க்க, அவள் ஒருத்தி மட்டும் மண்ணைப் பார்த்துக்கொண்டு. நிஜமாகவே வெட்டப்போகிறவள்போல நின்றாள்.

"பாருடி, எவ்வளவு ஒல்லியா இருக்கேன்" என்று என்னைக் கூப்பிட்டாள். "அந்த மனுசன் சரியாத்தான் எடுத்திருக்காரு. அப்புறம் எப்படி..." என்று இழுத்தவள் நிறுத்தினாள். "இது என்ன கோடு?"

கீழே அரை அங்குலம் அழிந்திருந்தது. மீதிக் கோடு அம்மாவின் கைக்கும் தோளுக்கும் நடுவில் நேராக ஏறிப் போனது. அம்மா படத்தை வாங்கித் திருப்பினாள். பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது: 'மூன்று பத்தி. வலது ஓரம் வெட்டு.' 'ட்'டின் வால் கீழ்வரி வரை இறங்கியிருந்தது.

அம்மா அதை உப்பு டப்பாவைப் படிப்பதுபோல ஒரு நொடியில் படித்துவிட்டாள். ஆனால் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு பேர் நின்னீங்க" என்றார் பெரியம்மா. "மூணு பத்தியில ஆறு பேருதான் வருவாங்க."

"சரி. இந்த ஓரத்துல லாரிக்காரர் நிக்கிறாரே அக்கா."

"நிக்கிறாரு."

"மண்ண எங்க கொட்டணும்னு கேக்க வந்தவரு. அவர விட்டுட்டு என்னை வெட்டியிருக்கீங்க. யாருன்னு தெரியாமப் போட்டுட்டேன்னு சொல்லுங்க. நான் நம்பிக்கிறேன்."

பெரியம்மா பஞ்சை மடக்கினார். "தெரியும். சீட்டுல எழுதியிருந்துச்சு."

"அந்த ஸ்டூடியோக்காரர எவ்வளவு பேசியிருப்பேன். சாவுக்குக்கூடப் போகல நான். நீங்க பக்கத்துல நின்னு கேட்டுட்டுதானே இருந்தீங்க?"

"கேட்டுட்டு எங்க இருந்தேன். எந்திரிச்சுப் போயிருவேன்."

"ஆமாமா. நம்ம வீட்டுப் பாத்திரம் அதனாலதான் பளபளன்னு இருக்கு."

நான் எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன். ஆனால் கதவுக்குப் போகும் வழியில் அம்மா நின்றிருந்தாள்.

"நான் ஒண்ணு கேக்குறேன், நீ சொல்லு" என்றார் அவர். "கூட்டம்லாம் வியாழக்கிழமைன்னு யாரு முடிவு பண்ணது?"

"தலைவருக்கு அன்னிக்குத்தான் தோது..."

"தலைவர் ரிட்டயர் ஆன மனுசன். அவருக்கு ஏழு நாளும் ஞாயித்துக்கிழமை."

அம்மா துணிக் குவியலிலிருந்து ஒரு சட்டையை எடுத்தாள். மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"நான்தான்" என்றாள். "நீங்க இருந்தா என் முகத்தப் பாத்து யாரு பேசுவாங்க? இந்த வீட்டுல காலடி வச்ச நாள்லேருந்து எதுக்கெடுத்தாலும் அக்காகிட்டக் கேளு. சாவி அக்காகிட்ட. சம்பளம் வாங்குற அக்கா, பத்திரிகையில வேலை பாக்குற அக்கா. உங்க வீட்டுக்காரர் தம்பி, அவரும் அப்படித்தான். வாரத்துல ஒரு நாள், ஒரு ரெண்டு மணி நேரம், என்கிட்ட நாலு பேர் ஏதாவது கேக்கட்டுமேன்னுதான்."

"உங்க வீட்டுக்காரர் தம்பி" என்றது என் அப்பாவை. கோபம் வந்தால் அம்மா அவரைப் பெரியம்மா பக்கத்து உறவில் சேர்த்துவிடுவாள்.

"அலமாரி என்னோடது" என்றார் பெரியம்மா.

"அலமாரி உங்களோடது. அலைஞ்சது நான்."

"ஆறு வருஷம் சுமந்துட்டு வந்தேன். தோள்ல பை போட்ட எடம் இன்னும் வலிக்குது. நீ வந்து ஒரு வார்த்தை சொன்ன, ஊரே கை தட்டுச்சு. அன்னிக்கு மூணரைக்குப் படம் வந்துது. நீ மண்வெட்டியப் பிடிச்சுட்டு நிக்கிற. என் கையில பசை."

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்து, கிளம்பாமல், தள்ளிக்கொண்டு போனார்கள்.

பெரியம்மா பஞ்சை மறுபடி நனைத்தார். "குடு. மீதியும் போயிரும். முழுசா சுவத்துல ஏறிக்க."

அம்மா படத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "தொடாதீங்க. கோடும் ஏறட்டும்."

"ஊர் சிரிக்கும்."

"முப்பத்தாறு வருஷம் என் கையப் பாத்துச் சிரிச்சுதுல்ல? உங்க கையையும் கொஞ்சம் பாக்கட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ எழுதாத. அவங்களே சொல்லட்டும். படத்துக்குக் கீழ எழுதுறது அவங்க வேலைதானே."

பெரியம்மா மறுப்பார் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டார். வேலை என்று சொல்லிவிட்டால் அவருக்கு அது வேலைதான்.

"இடமிருந்து வலமாக, எழுதிக்க. முதலாவது, மண் லாரி ஓட்டுநர். மண்ணை எங்கே கொட்டுவது என்று கேட்க வந்தவர்."

"விழாவுக்கு அவர் வந்து படிச்சார்னா?" என்றேன்.

"இதுவரைக்கும் அங்க எதைப் படிச்சிருக்காரு, இதைப் படிக்க" என்றாள் அம்மா. வாய் ஓரம் துடித்தது. உடனே அடக்கிக்கொண்டாள்.

மற்ற ஐந்து பேரையும் பெரியம்மா பெயரோடு, பதவியோடு, நிறுத்தாமல் சொன்னார். ஏழாவதுக்கு வந்தபோது நின்றார். அம்மா செய்ததை 'அந்த நோட்டீஸ் வேலை' என்றுதான் அவர் எப்போதும் குறிப்பிடுவார். அந்தப் பதவியின் பெயர் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

"ஏழாவது," என்று அம்மாவின் பெயரைச் சொன்னார். "நூலகக் குழுச் செயலாளர். நானூறு வீடுகளில் கையெழுத்து வாங்கியவர்."

"நானூத்திப் பன்னெண்டு" என்றாள் அம்மா.

"நானூற்றுப் பன்னிரண்டு. புள்ளி வை. சிவப்புக் கோடு, பக்கம் கட்டியவர் இந்தப் படத்தை வெட்டிய இடம்."

"பக்கம் கட்டியவர் பேரு?" என்றேன்.

"போடு" என்றாள் அம்மா.

அதையே ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தேன். பெரியம்மா குனிந்து கேட்டார். "வெட்டுறதுக்கு அதுல கொஞ்சம் மரியாதையா ஒரு வார்த்தை இருக்குமா?"

"இருக்கு பெரியம்மா."

"மரியாதை இல்லாத வார்த்தை இருந்தா அதைப் போடு" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் பன்னிரண்டு படிகளிலும் யாரும் பாத்திரம் கொண்டு ஏறவில்லை, இறங்கவில்லை. சர்க்கரை தீர்ந்தபோது அம்மா கடைக்கு ஆள் அனுப்பினாளே தவிர, கீழே கேட்கவில்லை. தெருமுனை ஸ்டூடியோவை இப்போது அந்த ஸ்டூடியோக்காரரின் மகள் நடத்துகிறாள். ஒரு நாள் அம்மா தனியாக அங்கே போய், தேவையே இல்லாமல் ஒரு பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். எட்டுப் பிரதிகள்.

கூடம் திறந்த அன்று நல்ல கூட்டம். லாரிக்காரர் வழக்கம்போல் முன்வரிசையில், பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தார். படத்தைச் சுவர் பாதிக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். கோடும் பெரிதாகியிருந்தது, விரல் தடிமன். அம்மா புதுப்புடவையில், படத்தில் தான் நிற்கிற பக்கமாகவே போய் நின்றுகொண்டாள். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்றோ என்னவோ.

வந்தவர்கள் எல்லோரும் முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்த்தார்கள். இது என்ன, யார் போட்டது, எதற்குப் போட்டது? கீழே இருந்த விளக்கத்தைப் படித்ததும் பெரியம்மாவைத் தேடினார்கள். தூணோரம் நின்றிருந்த அவரை நூலகர் கையைப் பிடித்து அழைத்துவந்தார். கல்லூரிப் பெண்கள் சிலர் சூழ்ந்துகொண்டார்கள். பெரியம்மா ஒரு அளவுகோலை வாங்கி, மூன்று பத்தி என்றால் எவ்வளவு, பசை எப்படித் தடவுவது, பென்சிலை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது என்று காட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு பேர் நடுவில் அவரை நான் பார்த்ததே இல்லை.

"இவங்கள ஏன் வெட்டினீங்க?" என்று ஒரு பெண் படத்தைக் காட்டிக் கேட்டாள்.

"பொறாமைம்மா" என்றார் பெரியம்மா, கோணாமல் ஒட்டிய பத்தியைப்போல நேராக. எல்லோரும் சிரித்தார்கள். இன்னும் நெருங்கி வந்தார்கள்.

அம்மா என் காதருகே குனிந்தாள். "முழுப் படமும் மாட்டியாச்சு. ஒருத்தராவது என்னைப் பாக்குறாங்களா பாரு. கோட்டையே பாத்துட்டு நிக்கிறாங்க."

கூட்டம் கலைந்தபின் நூலகர் எங்களிடம் வந்தார். மாதம் ஒருமுறை வாசகர் கூட்டம் நடத்தலாம், பழைய ஆட்கள் நீங்கள் இரண்டு பேரும் வந்து பேச வேண்டும், எந்தக் கிழமை தோது என்று கேட்டார்.

பெரியம்மா வாயெடுப்பதற்குள் அம்மா சொன்னாள். "வியாழக்கிழமை."

பெரியம்மா அளவுகோலை நூலகரிடம் திருப்பிக் கொடுத்தார். "வைங்க. எனக்கு இப்ப ஏழு நாளும் ஞாயித்துக்கிழமைதான்."